டெலானிபூர் மேட்டில் ஒரு கணக்கு நோட்டு

சென்னையில் கப்பலேறி, சுமார் 1,190 கிலோமீட்டர் சமுத்திரத்தைக் கடந்து, நான்காம் நாள் காலையில் அந்தமானின் ஹாடோ துறையில் இறங்கிய பிறகும் என் காலடியில் நிலம் ஆடிக்கொண்டேயிருந்தது. விமானத்தில் வந்திருந்தால் அரைப் பொழுதுக்குள் முடிந்திருக்கும் காரியம். அறுபத்தாறு வயதில் எதற்கு இந்த விஷப்பரீட்சை என்று வீட்டார் ஆட்சேபித்ததும் நியாயந்தான். ஆனால், முப்பது வருஷ காலம் ஒரு பெண்கள் கல்லூரியில் வணிகவியல் போதித்தவளாகையால், கடலுக்கு அப்பாலிருக்கும் ஓர் ஊருக்கு அரிசியும் பருப்பும் வெங்காயமும் எந்த வழியாகப் போய்ச் சேருகின்றனவோ அந்த வழியாகவே நானும் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. தவிர, விமானத்தில் சென்றிருந்தால் அந்த அம்மாளைச் சந்தித்திருக்க மாட்டேன்.

கப்பலில் என் படுக்கைக்கு எதிர்ப் படுக்கை அவருடையது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பாட்டனார் காலத்தில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து தீவுக்குப் பிழைக்க வந்த குடும்பம்; உறவில் ஒரு கல்யாணத்துக்காக 'மெயின்லேண்ட்' வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பாரதத்தின் பெருநிலப்பரப்புக்குத் தீவில் உள்ளவர்கள், எந்தப் பாஷைக்காரரானாலும், வைத்திருக்கும் பெயர் அதுதான். முதல் நாள் முழுவதும் நான் தலைதூக்க மாட்டாமல் கிடக்க, அவர் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்களால் தம்முடைய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கிரைண்டருக்கு ஒரு குழவிக்கல், இட்லித் தட்டுகள் நாலு, முழு உளுந்து, குண்டு மிளகாய், பெருங்காயக் கட்டி. டெலானிபூரில் அவருக்கு ஒரு டிபன் கடை. "கல்யாணத்துக்கு வந்த டிக்கெட்டுச் செலவ உளுந்துலயே எடுத்துடுவேன் டீச்சர்" என்றார். பயணப் படியும் கொள்முதல் செலவும் எப்படிப் பிரித்தெழுதப்பட வேண்டுமென்று நான் எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டதுண்டு. அவ்விரண்டையும் இப்படி ஒன்றாகச் சேர்த்து லாபம் காட்டுகிற சாமர்த்தியத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் கண்டதில்லை.

ஹாடோவிலிருந்து மேடேறினால் டெலானிபூர். மலைச் சரிவில் ஏறியும் இறங்கியும் செல்லும் சாலை, இருமருங்கிலும் தகரக் கூரை வீடுகள், அவற்றினூடே மாடிக் கட்டடங்கள், அரசாங்க விருந்தினர் இல்லமான டீல் ஹவுஸ், அதன் எதிர்ப்புறம் கடற்படையார் நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தின் வாசலிலேயே ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடக்கிறது. பக்கத்து டீக்கடையில் நின்று வடை தின்பவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. தெருவில் ஹிந்தி பொதுப் பாஷை. வீட்டுக்குள் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தீவுகளின் 3,80,581 பேரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் அத்தனை பேரும் போர்ட் பிளேர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இந்தத் தீவில் விசித்திரமான சங்கதி, கடிகாரம். தேசத்தின் கீழ்க்கோடியில் கிடந்தும் பம்பாயின் மணியே இங்கும் மணி. ஆகவே, நான் போயிருந்த மார்ச் மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் வெயில் முகத்திலடித்தது, மாலை ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. டிபன் கடைக்காரர்களுக்கு இதனால் நேர்வது என்னவென்றால், மூன்று மணிக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும். இந்த விஷயத்தை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

கடை எட்டடிக்குப் பத்தடி. முன்னால் இரண்டு பெஞ்சு, பின்னால் சமையல், அதற்கும் பின்னால் வீடு. பெயர்ப் பலகையில் அவருடைய கணவரின் பெயர், கொட்டை எழுத்தில், நீல வர்ணத்தில். கணவர் லாரி ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், பகலில் கடைப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். உரிமம் அவர் பெயரில், பாங்கிக் கடன் அவர் பெயரில், காஸ் சிலிண்டர்கூட அவர் பெயரில். மாவின் பதம் பார்ப்பதும், கப்பல் தாமதமானால் உளுந்தை எப்படிக் குறைத்து அரிசியை எப்படிக் கூட்டுவது என்று தீர்மானிப்பதும், வேலைக்கு நிற்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் பேசுவதும், கடன் சொல்லிச் செல்லும் கடற்படைப் பையன்களை அதட்டுவதும் அம்மாள்.

அவருடைய கணக்கு நோட்டைப் பார்க்கவேண்டுமென்று கேட்டேன். தயங்கினார், பிறகு, அரிசி டப்பாவின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. பாக்கிதாரர்களுக்குப் பெயர் கிடையாது: 'நீலச் சட்டை', 'ஹாடோ அண்ணன்', 'ரெண்டு தோசை நேவி', 'பெங்காலி சார் (மூக்குக் கண்ணாடி)', 'மூக்குக் கண்ணாடி இல்லாதவர்'. ஒவ்வொருவருக்கும் எதிரே கோடுகள். ஐந்தாவது கோடு குறுக்கே. மாதக் கடைசியில் அந்தக் கோடுகளைக் கூட்டி ரூபாயாக்கும் வேலை மகளுடையது. அன்றைக்கு மகள் பென்சிலால் கூட்டிக்கொண்டிருக்கையில், அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தாயார், "நீலச் சட்டைக்கு நாப்பது ரூவா கொறையுதுடி" என்றார். மகள் மறுபடி கூட்டிப் பார்த்தாள். நாற்பது ரூபாய் குறைந்துதான் இருந்தது.

அதைவிட என்னை வசீகரித்தது அலமாரியின் மேல் தட்டிலிருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தினமும் வியாபாரம் முடிந்ததும் அதில் ஒரு பத்து ரூபாய் நாணயம் விழும். எதற்கென்று கேட்டேன். "கல்லு தேயுது இல்லையா டீச்சர்? தேயத் தேயக் காசு சேத்து வச்சாத்தான் புதுக்கல்லு வாங்க முடியும்." பி.காம். படிக்கும் மகள் திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். தேய்மானம் என்ற சொல்லை அவளும் பரீட்சைக்காக உருப்போட்டவள்தான். அந்தச் சொல் கருங்கல் தேய்வதிலிருந்து வந்ததாயிருக்கும் என்று அவளும் நினைத்ததில்லை, வருஷந்தோறும் பத்து மதிப்பெண் கேள்வியாக அதைக் கொடுத்துவந்த நானும் நினைத்ததில்லை.

மகள் படிப்பது ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயத்தில். 1967-இல் தொடங்கப்பட்ட கல்லூரி; செல்லுலார் சிறைக்குச் சமீபத்தில், கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. பட்டம் தருவது புதுச்சேரி மத்திய சர்வகலாசாலை. 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி புதுச்சேரியோடு லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் அதன் எல்லைக்குட்பட்டவை. (சர்வகலாசாலை என்னும் பழைய சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன், எல்லாக் கலைகளுக்கும் சாலை என்றால் உளுந்து வியாபாரத்துக்கும் அதில் ஒரு மூலை கிடைக்க நியாயமுண்டு.) அந்தச் சர்வகலாசாலையின் கிளை வளாகம் ஊருக்குச் சற்று வெளியே புரூக்‌ஷாபாதில் இருக்கிறது, அங்கே கடல் உயிரியலும் கடலோரப் பேரிடர் நிர்வாகமும் கற்பிக்கப்படுகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியை அனுபவித்த ஜனங்களுக்கு அந்தப் படிப்பின் அவசியத்தை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை மகளோடு கல்லூரி வரையில் நடந்தேன். சிறைச்சாலைச் சுவர் கண்ணில் பட்டதும் வழக்கம்போல் வீரர்களின் ஞாபகம் வந்தது. ஆனால், அன்று மனம் வேறொரு சிறைக்குத் தாவிற்று. 1858-இல் இங்கே தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்ட பிறகு, பெண் கைதிகளும் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கென்று சவுத் பாயிண்டில் தனிச் சிறை இருந்தது. அவர்கள் நெசவு நெய்தார்கள். குறிப்பிட்ட வருஷங்கள் கழிந்ததும், தானே பிழைத்துக்கொள்ளும் சீட்டுப் பெற்ற ஓர் ஆண் கைதியை மணக்கச் சம்மதித்தால் சிறையை விட்டு வெளியேறலாம். அவன் பெயரில் நிலம், அவன் பெயரில் மாடு. அவளுக்கு அவனும் அவன் வீடும். 'லோக்கல் பார்ன்' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழங்குடும்பங்கள் பலவற்றின் மூதாட்டிகள் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தாம். நீல வர்ணப் பெயர்ப் பலகையை இந்தச் சரித்திரத்தோடு முடிச்சுப் போடுவது அதிகப்படிதான். ஆயினும், நடக்கும்போது மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைப்பானேன்?

என் சொந்தக் கதை ஒன்றையும் இவ்விடத்தில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பணிக்காலத்தின் பிற்பகுதியில், நான் வேலை பார்த்த கல்லூரியில், பெண் தொழில்முனைவோருக்குத் தலைமைப் பண்பு வளர்க்கும் பயிற்சி என்று ஐந்து நாள் வகுப்பொன்றை நானே முன்னின்று நடத்தினேன். பெரிய அதிகாரிகள் பேசினார்கள். தன்னம்பிக்கை, குழு மனப்பான்மை, காலப் பங்கீடு ஆகிய விஷயங்கள் குறித்துப் படங்கள் காட்டப்பட்டன. கடைசி நாளில் சால்வையும் சான்றிதழும் புகைப்படமும். ஆறு மாதம் கழித்து, ஊறுகாய் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணியைக் கடைத்தெருவில் பார்த்தபோது, பாங்கியில் கடன் கேட்டுப் போனதாகவும், வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். "சர்டிபிகேட்டக் காட்டினேன் மேடம், அழகா லேமினேஷன் பண்ணிருக்கீங்கன்னாங்க." நான் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பிசகு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல். அமெரிக்க தேசத்தில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தோன்றியது. பெண்களும் நிர்வாகம் படிக்க விரும்புகிறார்கள் என்று தெரிந்தபோது, 1937-இல், பக்கத்திலிருந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் அவர்களுக்கென்று ஒரு வருஷ வகுப்பு திறக்கப்பட்டது. ஹார்வர்டு ஆசிரியர்களே ஆற்றைக் கடந்து வந்து பாடம் சொன்னார்கள். ஆனால் பாடத்தின் பெயர் ஊழியர் நிர்வாகம். அதாவது, ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் அவர்கள் குறைகளைக் கேட்கவும் பெண்கள் பழகலாம். மூலதனத்தை எங்கே இடுவது, எப்போது எடுப்பது என்ற சங்கதியெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில். இரண்டு வருஷ எம்.பி.ஏ. வகுப்பின் கதவு அவர்களுக்கு நேரடியாகத் திறந்தது 1963-இல். உள்ளே நுழைந்தவர்கள் எட்டுப் பேர். பள்ளி ஆரம்பித்து அதற்குள் ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

நம்முடைய தேசத்தில் விஷயம் அவ்வளவு மோசமாகவும் இல்லை, திருப்திகரமாகவும் இல்லை. பெண்களுக்கென்றே ஒரு சர்வகலாசாலையைக் கார்வே புனாவில் தொடங்கியது 1916-இல். அது பிறகு எஸ்.என்.டி.டி. என்ற பெயரோடு பம்பாயில் வேரூன்றியது. கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957-இல் ஆரம்பித்த மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸ் போன்றோரின் உழைப்பால் வளர்ந்து, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மனையியல் என்றால் சமையல் வகுப்பு என்று ஏளனம் செய்தவர்களில் வணிகவியல்காரர்களாகிய நாங்களும் உண்டு; ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பாடமாக்கிப் பரீட்சை வைத்தவர்கள் அவர்களே என்பதை ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் பிறந்தது. கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் 2013-இல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். சென்னையில் பிறந்து கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த இந்திரா நூயி 2006-இல் பெப்ஸிகோவின் தலைமைப் பதவியை ஏற்றது ஊரறிந்த கதை.

அதே 2013-இல் வந்த கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையிலுள்ள ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டுமென்று விதித்தது. பல கம்பெனிகளில் அந்த நாற்காலியில் முதலாளியின் மனைவியோ மகளோ அமர்த்தப்பட்டதைப் பத்திரிகைகள் அப்போது எழுதின. அங்கே பெயர் உண்டு, காரியம் வேறொருவருடையது; டெலானிபூரில் காரியம் முழுவதும் அம்மாளுடையது, பெயரைத்தான் காணோம்.

ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருக்கும் பெண்களை அழைத்துக் கற்பிப்பது என்ற முறை சமீப காலத்தது. கோல்ட்மேன் சாக்ஸ் என்னும் அமெரிக்க நிதி நிறுவனம் 2008-இல் பத்தாயிரம் பெண்கள் என்ற பெயரில் பத்துக் கோடி டாலர் ஒதுக்கி ஒரு திட்டம் ஆரம்பித்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் அதில் பங்கு கொண்டது. சிறு தொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு, விற்பனை, மூலதனம் தேடும் வழி ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பதே அதன் நோக்கம். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் என்.எஸ்.ஆர்.சி.இ.எல். நிலையமும் பெண்களுக்கென்றே தொழில் தொடங்கும் பயிற்சி நடத்துகிறது. நல்ல காரியங்கள்தாம். பட்டணத்துப் பெண்களுக்கு, அதிலும் ஆங்கிலம் வந்தவர்களுக்கு, இவை சுலபமாக எட்டுகின்றன.

ஆனால், தலைமை என்ற வார்த்தைக்கு எனக்குப் பிடித்த பாடம் எந்தச் சர்வகலாசாலையிலும் எழுதப்பட்டதன்று. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் ஏற்பட்டது. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது 1989-இல் தர்மபுரி ஜில்லாவில் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் வரையில் ஒரு குழு. அதற்கு ஓர் ஊக்குநர், பிரதிநிதிகள். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு. பாங்கிக் கணக்கு குழுவின் பெயரில். பணம் எடுக்கப் பெண்களின் கையெழுத்து. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் பழகியது தங்கள் பெயரை எழுத. அந்தப் பெயரைக் கண்டால் பாங்கி பணம் கொடுக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு மற்றதெல்லாம் தானே நடந்தது. அதே 1989-இல்தான் பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. தேசம் முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. கடனுக்கு ஈடு கேட்கும் உலகில், சொத்தும் கையெழுத்தும் இல்லாத பெண்ணுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. வணிகவியல் துறைகள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: மாணவிகளை அனுப்பி, பெயரில்லாமல் நடக்கும் இப்படிப்பட்ட கடைகளின் நோட்டுகளை முறையான கணக்காக எழுதவைத்து, உரிமம், வங்கிக் கணக்கு, கடன் விண்ணப்பம் மூன்றையும் நடத்துகிறவளின் பெயருக்கு மாற்றும் வரையில் கூடவே நின்று, அதற்கு மதிப்பெண் கொடுப்பது. அந்த வகுப்புக்கு அழகான ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்வதானாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

இந்த யோசனையைக் கடைசி நாள் மாலை அம்மாளிடமே சொன்னேன். கடை அடைத்தாயிற்று, வெளியே இருட்டு, ஹாடோ பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. மகள் கைபேசியில் பெங்களூர் ஆசிரியர் ஒருவரின் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2020 ஆகஸ்டில் சென்னையோடு பல தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கம்பி கடலடியில் வந்து சேருவதற்கு முன், இப்படி ஒரு படம் நின்று நின்று ஓடி முடிவதற்குள் தோசை கருகிவிடும் என்று அவள் சொன்னாள்.

"ஊருக்கே பேர மாத்திட்டாங்க. உங்க கடைக்கு உங்க பேர வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

அம்மாள் சிரித்தார். "ஊருக்குப் பேர் மாத்தினா யாரும் பழைய பாக்கியக் கட்டுன்னு கேக்கமாட்டாங்க டீச்சர். கடைக்கு மாத்தினா மொதல்ல அவரு பேர்ல இருக்கற லோன முடிக்கணும், பொறவு லைசென்சு, பொறவு காஸு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு நாளு கடை அடைக்கணும். அடைச்சா நேவிப் பசங்க எதிர்க் கடைக்குப் போயிடுவானுங்க." இதற்கு நான் முப்பது வருஷம் போதித்ததில் பதில் இல்லை. சற்றுப் பொறுத்து, அவரே, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "லோன் இன்னும் பதினோரு மாசம்தான்" என்றார். அந்தப் பதினோரு மாதத்தையும் அவர் எண்ணி வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கல்லூரியில் அப்படி ஒரு வகுப்பு வந்தால் வருவீர்களா என்றேன்.

"எத்தன மணிக்கு?"

கல்லூரி நேரந்தானே, பத்திலிருந்து நாலு வரைக்கும் என்று சொன்னேன். பத்து மணிக்குத்தான் காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவத் தொடங்குவார்கள்; பன்னிரண்டுக்குச் சாப்பாடு; மூன்றுக்கு மாவு. சாயந்திரம் ஆறு மணி என்றால் மறுநாள் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர்களுக்கு அது பாதி ராத்திரி. மகள் நிமிர்ந்து, "ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா" என்றாள். அம்மாள் யோசித்தார். கப்பலில் மூட்டைகளை எண்ணியபோது இருந்த அதே முகம். "ஞாயித்துக்கெழம ரெண்டுலேருந்து நாலு" என்று தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அன்றைய பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, அரிசி களையப் பின்கட்டுக்குப் போனார். புதுக் குழவிக்கல் இன்னும் சாக்குப் பிரிக்காமல் கதவோரம் கிடந்தது.